சுருட்டுப் பெட்டி கிட்டாருக்குள்ளேயே ஸ்பீக்கர்: அலறாமல் வாசிக்க வைப்பது எப்படி?

2012 டிசம்பர் 12. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சாண்டி புயல் நிவாரணக் கச்சேரி. பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி, 'நிர்வானா' குழுவின் பழைய உறுப்பினர்களோடு மேடை ஏறினார். அவர் கையில் இருந்தது வழக்கமான கிட்டார் இல்லை. ஒரு சுருட்டுப் பெட்டி, அதில் சொருகிய ஒரு கட்டை, மேலே சில கம்பிகள். முதல் தடவை பார்க்கிறவருக்கு 'என்னடா இது?' என்றுதான் தோன்றும்.

அதுதான் 'சிகார் பாக்ஸ் கிட்டார்'. மெக்கார்ட்னிக்குப் பின்னால் மேடை நிறைய ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. பெட்டியின் சொந்தச் சத்தம் ஒரு அறையைத் தாண்டாது. அதனால் பலரும் யோசிப்பது இதைத்தான்: பெட்டி உள்ளே காலியாத்தானே இருக்கு, ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டால்?

வைக்கலாம். செலவும் குறைவு. ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் வாத்தியம் வாசிக்கிறதா, 'கூ'வென்று அலறுகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெட்டி எங்கிருந்து வந்தது?

1860களில், உள்நாட்டுப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு சுருட்டுக்கு வரி போட்டது. வரி முத்திரை ஒட்ட வசதியாகச் சுருட்டுகள் பெட்டிகளில் அடைத்து விற்கப்பட்டன. சுருட்டு தீர்ந்ததும் மெல்லிய பலகையால் ஆன நல்ல பெட்டி சும்மா கிடைத்தது. எட்வின் ஃபோர்ப்ஸ் 1876-ல் வெளியிட்ட போர்க்களச் சித்திரம் ஒன்றில், ஒரு சிப்பாய் சுருட்டுப் பெட்டியில் செய்த ஃபிடில் வாசித்துக்கொண்டிருப்பார். காசு கொடுத்து வாத்தியம் வாங்க முடியாத வீடுகளில் இந்தப் பழக்கம் ரொம்ப நாள் தொடர்ந்தது. ராக் அண்ட் ரோல் முன்னோடி கார்ல் பெர்கின்ஸின் முதல் கிட்டாரே அவருடைய அப்பா சுருட்டுப் பெட்டியிலும் துடைப்பக் கட்டையிலும் செய்து கொடுத்ததுதான்.

வாத்தியம் அமெரிக்காவுடையது. ஆனால் ஆங்கிலத்தில் ஒருவகைச் சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்ற சொல் நம்ம 'சுருட்டு'லேர்ந்து போனது!

எட்டுக் கால் பூச்சி

பெட்டிக்குள் வைக்கும் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் இருப்பது எல்எம்386 என்ற ஐசி. எட்டுக் கால்கள், விரல் நக அளவு. 4 முதல் 12 வோல்ட் வரை தாங்கும்; ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். அரை வாட் அளவுக்குத்தான் சத்தம் கொடுக்கும். கேட்க அற்பமாக இருந்தாலும், மூன்று அங்குல 8 ஓம் ஸ்பீக்கரோடு சேர்ந்தால் ஒரு அறைக்குத் தாராளம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும்.

வயரிங்கும் எளிதுதான். ஆனால் இரண்டு பொருட்களை விட்டுவிடக் கூடாது. ஒன்று, அவுட்புட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையாக. இன்னொன்று, பேட்டரி லைனுக்குக் குறுக்கே ஐசி பக்கத்திலேயே ஒரு 0.1 மைக்ரோஃபாரட். 'இது எதுக்கு, சத்தம்தான் வருதே' என்று இவற்றைத் தவிர்த்தால், யாரும் தொடாமலே ஐசி தானாக ஊசலாட ஆரம்பிக்கும். சில சமயம் ஸ்பீக்கர் மோட்டார் படகு மாதிரி 'பட பட' என்று அடிக்கும்.

அடுத்தது, 1-வது காலுக்கும் 8-வது காலுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அதைப் போட்டால் ஐசி சிக்னலை 200 மடங்கு பெருக்கும். போடாவிட்டால் 20 மடங்கு. நெட்டில் உலவும் பல சர்க்யூட்களில் 200-தான் இருக்கும், 'டிஸ்டார்ஷன்' நன்றாக வரும் என்பதற்காக. தனி டப்பாவில் வைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அது சரி. கிட்டாருக்குள்ளேயே வைப்பதென்றால் அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிடுவதே நல்லது. ஏன்?

பெட்டி தன் குரலைத் தானே கேட்டால்...

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். இந்தக் கிட்டார்களில் பெரும்பாலும் 'பிக்கப்' ஆகப் பயன்படுவது பியசோ தகடு. பஸ்ஸரில் இருக்கும் அதே வட்டப் பித்தளைத் தகடு. அது கம்பியைக் கேட்பதில்லை, பலகையின் அதிர்வைக் கேட்கிறது. ஸ்பீக்கரும் அதே பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் பலகையை அசைக்க, தகடு அதைக் கேட்டு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப, ஆம்ப்ளிஃபயர் இன்னும் பெரிதாக்கித் திரும்ப ஸ்பீக்கருக்கே கொடுக்க... சுற்றிச் சுற்றி ஒரே அலறல்.

சத்தம் போதவில்லை என்று இன்னும் பவர்ஃபுல்லான ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கி மாட்டுவது பலர் செய்யும் வேலை. பிரச்சினை அதோடு இன்னும் பெரிதாகும். ஏனென்றால் இது பவர் சம்பந்தப்பட்டதே இல்லை. ஸ்பீக்கரிலிருந்து தகடுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும்.

அதற்குச் சில வழிகள் உண்டு. ஸ்பீக்கரை நேராகப் பலகையில் முடுக்காமல், கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பை நடுவில் கொடுக்கலாம். தகட்டை ஸ்பீக்கரிலிருந்து முடிந்தவரை தள்ளி, பெட்டிக்குள் ஓடும் கழுத்துக் கட்டையில் ஒட்டலாம். அந்தத் தடித்த கட்டை மூடி அளவுக்கு அதிராது. தகட்டை ஹாட் குளூவிலோ சிலிக்கானிலோ மூழ்கடித்தால் அதன் கூச்சம் குறையும். கடைசியாக, தகட்டின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பார்ப்பது. வேடிக்கையாகத் தெரியும், ஆனால் சிக்னல் தலைகீழாவதால் சில பெட்டிகளில் அலறல் சட்டென்று அடங்கும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான வழி, பியசோவையே விட்டுவிட்டு காந்த பிக்கப் போடுவது. அது ஸ்டீல் கம்பியின் அசைவைத்தான் பார்க்கும். பலகை அதிர்வைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது. பியசோவின் அந்த மரச்சத்தம்தான் வேண்டும் என்கிறவர், வால்யூமில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

தகர டப்பா சத்தம் ஏன்?

அலறல் நின்ற பிறகு வரும் அடுத்த புகார்: 'சத்தம் சப்புன்னு இருக்கு, பேஸே இல்ல.' இதற்குப் பலர் ஸ்பீக்கரைக் குறை சொல்வார்கள். சின்ன ஸ்பீக்கர் என்பதால் ஓரளவு உண்மைதான். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி பியசோவுக்கும் ஐசிக்கும் நடுவில் இருக்கிறது.

பியசோ தகடு மின்சார ரீதியில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். 27 மில்லிமீட்டர் தகடு சுமார் 20 நானோஃபாரட். எல்எம்386-ன் இன்புட் 50 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் தேய ஆரம்பிக்கும். முன்னால் ஒரு 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலும் போட்டுவிட்டால் அந்த எல்லை சுமார் 950 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மூன்று கம்பி கிட்டாரை ஜி-டி-ஜி என்று சுருதி சேர்ப்பது வழக்கம். அதில் தடித்த கம்பி 98 ஹெர்ட்ஸ். அதாவது அதன் ஆதாரச் சத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. மிச்சமெல்லாம் காலி!

தீர்வு, நடுவில் ஒரு 'பஃபர்'. ஒரு ஜெ-ஃபெட் டிரான்சிஸ்டரோ டிஎல்072 ஐசியோ போதும். அதன் இன்புட்டில் 1 மெகா ஓமுக்குக் குறையாத ரெசிஸ்டர் இருந்தால் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காந்த பிக்கப்புக்கு இந்தத் தலைவலி அவ்வளவாக இல்லை.

பேட்டரி, பிறகு கத்தி

9 வோல்ட் சதுர பேட்டரி இடத்தை அடைக்காது, ஆனால் சீக்கிரம் தீரும். சும்மா இருக்கும்போது ஐசி சுமார் 4 மில்லிஆம்பியர்தான் இழுக்கும், சத்தமாக வாசித்தால் பல மடங்கு. ஆறு ஏஏ செல்களைச் சேர்த்தாலும் அதே 9 வோல்ட்தான்; நான்கு மடங்குக்கு மேல் உழைக்கும். பெட்டி கொஞ்சம் கனக்கும். மறக்காமல் ஒரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச், வெளியே பெரிய ஆம்ப்ளிஃபயரில் செருக ஒரு ஜாக். ஜாக்கில் ஒயரைச் செருகியதும் உள் ஸ்பீக்கர் தானாக அணையும் மாதிரி ஸ்விட்ச் வைத்த ஜாக்காகக் கேட்டு வாங்கினால் நிம்மதி.

எல்எம்386-க்குப் பதில் ரெடிமேட் பிஏஎம்8403 போர்டு மாட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது 5 வோல்ட் போர்டு. 9 வோல்ட் கொடுத்தால் போய்விடும். அதன் ஸ்பீக்கர் வயர் எதையும் கிரவுண்டில் சேர்க்கவும் கூடாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஓட்டை போட வேண்டும். இந்த வரிசை முக்கியம். மூடியில் மூன்று அங்குலம் வெட்டிவிட்டால், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசிக்கும்போது பாடிக்கொண்டிருந்த பலகையின் பெரும்பகுதி போய்விடும். திரும்ப ஒட்ட முடியாது. பெட்டி ஆழமாக இருந்தால் ஸ்பீக்கரைப் பக்கவாட்டிலோ அடிப்பக்கத்திலோ வைத்து மூடியைக் காப்பாற்றலாம். அடியில் வைத்தால் மடியில் சத்தம் அடைபடும், எனவே பக்கவாட்டுதான் மேல்.

முதலில் எல்லாவற்றையும் டேப்பில் ஒட்டி, மூடியை ரப்பர் பேண்டால் கட்டி, கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு வால்யூமை மெல்ல ஏற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் அலற ஆரம்பிக்கிறதோ, அதற்குக் கொஞ்சம் கீழேதான் உங்கள் கிட்டாரின் முழு வால்யூம். அது போதவில்லை என்றால் தகட்டை இடம் மாற்றி மறுபடி பாருங்கள். சரியான பிறகும் மூடியைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம், நாலு ஸ்க்ரூ போதும். பேட்டரி மாற்றணுமே.