சக்கரத்தை எண்ணும் பெட்டி

பாலக்காட்டுக் கணவாய் வழியாக 1862ஆம் ஆண்டு முதல் ரயில் ஓடுகிறது. வாளையாறு, கஞ்சிக்கோடு மக்களுக்கு ரயில் சத்தம் பழகிய சத்தம். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை இல்லை. மூணாறு, தேவிகுளம் தோட்டத் தொழிலாளர்கள் ரயில் ஏற மலை இறங்க வேண்டும். போடிநாயக்கனூருக்கு அகலப் பாதை போட்ட பிறகு, 2023 ஜூன் மாதம் அங்கே மீண்டும் ரயில் வந்தது.

அடுத்த முறை ஸ்டேஷனில் நிற்கும்போது தண்டவாளத்தைக் கவனியுங்கள். சில இடங்களில் தண்டவாளத்தின் இரு பக்கமும் சிறிய பெட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். அவற்றிலிருந்து ஒயர் போகும். அது என்ன?

அது ரயில் சக்கரங்களை எண்ணும் கருவி. ரயில்வேக்காரர்கள் அதை ‘ஆக்சில் கவுண்டர்’ என்பார்கள்.

எதற்காக எண்ண வேண்டும்?

ஆடு மேய்ப்பவரை நினைத்துப் பாருங்கள். காலையில் 40 ஆடுகளைக் காட்டுக்குள் விடுகிறார். மாலையில் 40 ஆடுகளும் திரும்பினால் காட்டில் ஆடு இல்லை. 39 திரும்பினால்? ஒன்று உள்ளே நிற்கிறது. கண்ணால் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது.

ரயில் பாதையிலும் இதே கணக்குத்தான். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு ரயில் உள்ள துண்டில் இன்னொரு ரயில் நுழைந்தால் மோதல்தான். அதனால் துண்டின் இரு முனையிலும் எண்ணுகிறார்கள். உள்ளே போன சக்கரங்களும் வெளியே வந்த சக்கரங்களும் சமமானால் பாதை காலி. குறைந்தால், ஏதோ ஒரு பெட்டி கழன்று உள்ளே நிற்கலாம். சிக்னல் சிவப்பாகவே நிற்கும்.

தொடாமல் எப்படி எண்ணுகிறது?

பெட்டிக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. ஒரு பக்கச் சுருளில் மின்சாரம் பாய்கிறது. அது வினாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம். அதனால் சுருளைச் சுற்றிக் காந்த சக்தி உண்டாகிறது. அந்தச் சக்தி மறுபக்கச் சுருளில் சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்குகிறது. இந்த உண்மையை மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1831ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்.

இரும்புச் சக்கரம் அருகே வந்ததும் காந்த சக்தி பரவும் வழி மாறுகிறது. மறுபக்கச் சுருளில் மின்சாரமும் மாறுகிறது. கருவி ‘ஒன்று’ என்று எண்ணுகிறது. அடுத்த சக்கரம் வந்தால் ‘இரண்டு’. பக்கத்திலேயே இன்னொரு ஜோடிச் சுருளும் உண்டு. எந்த ஜோடி முதலில் உணர்ந்தது என்று பார்த்து, ரயில் வருகிறதா போகிறதா என்று அறிகிறது.

ஒயர் அறுந்தால் என்ன ஆகும்? கணக்கு தவறினால்? அப்போதும் சிக்னல் சிவப்பாகவே நிற்கும். சந்தேகம் வந்தால் ரயிலை நிறுத்து என்பதுதான் விதி. பாதை காலி என்று ஊழியர்கள் உறுதி செய்த பிறகே ரயில் நகரும். சில நேரம் ரயில் நடுவழியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குத் தெரியாதது என்ன?

இந்தக் கருவிக்கு உலோகம் மட்டுமே தெரியும். அதுவும் மிக அருகில் வந்தால்தான் தெரியும். மனிதரைத் தெரியாது. மாட்டைத் தெரியாது. யானையையும் தெரியாது. வாளையாறுக்கு அருகே நவக்கரையில் 2021 நவம்பர் 26 அன்று மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. யானையைக் கண்டறிய வேறு கருவி வேண்டும். அதற்காக மதுக்கரைப் பகுதியில் 2024இல் தமிழ்நாடு வனத்துறை கேமராக்களை அமைத்தது.

தொழிற்சாலைகளிலும் இதே வகைச் சென்சார்கள் உண்டு. சில மில்லிமீட்டர் தூரத்தில் இரும்பு வந்தால் இயந்திரத்துக்குச் சேதி சொல்லும். விரல் வந்தால் சொல்லாது. சென்சார் இருக்கிறதே என்று நம்பி, ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது.

ரயில் பாதையிலும் அப்படித்தான். சிக்னல் பச்சை என்றால், முன்னால் வேறு ரயில் இல்லை என்று பொருள். பாதையில் ஆள் இல்லை என்று பொருள் அல்ல. வேகமாக வரும் ரயிலைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது.

ஆகவே தண்டவாளத்தில் நடக்க வேண்டாம். மூடிய கேட்டில் குனிந்து நுழைய வேண்டாம். பிள்ளைகள் தண்டவாளத்தில் இரும்புத் துண்டு வைத்து விளையாட விட வேண்டாம். பெட்டி உடைந்திருந்தாலும் ஒயர் அறுந்திருந்தாலும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள். 139 என்ற ரயில்வே எண்ணுக்கும் பேசலாம்.

சக்கரத்தை அந்தப் பெட்டி எண்ணிக்கொள்ளும். நம் உயிரை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும்.