ஹெச்.ஆர். யாரோட வேலை? பொன்மலை சொல்றது வேற, நவல்பட்டு சொல்றது வேற

இன்னைக்கு எபிசோட் ஹெச்.ஆர். பத்தி. மீம்ஸ்ல கலாய்க்கிற அதே ஹெச்.ஆர்.தான்.

அந்த மீம்ஸ் எல்லாத்திலயும் ஹெச்.ஆர்.னா ஒரு பொண்ணுதான், கவனிச்சிருக்கீங்களா? ஸ்ரீரங்கத்துல ஒரு பொண்ணு எம்.பி.ஏ. சேர்ந்தா, "ஹெச்.ஆர். எடும்மா, அலைச்சல் இல்லாத வேலை"ம்பாங்க. அதே வீட்டுப் பையன் ஹெச்.ஆர். எடுத்தா, "ஏன்டா, ஃபைனான்ஸ் கிடைக்கலையா?"ன்னு கேட்பாங்க. நவல்பட்டு ஐடி பார்க் பக்கம் போனாலும் இதே நினைப்புதான்.

ஆனா இதே திருச்சியில, இதே வேலைக்கு ஒரு காலத்துல ஆம்பளை வேலைன்னு பேரு. அப்போ ஹெச்.ஆர்.னு சொல்லலை. லேபர் ஆபீசர், வெல்ஃபேர் ஆபீசர், பெர்சனல் மேனேஜர்.

ஏன் அப்படி? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பை எடுத்துக்கோங்க. 1946 செப்டம்பர் 5-ம் தேதி, அங்க போராடின தொழிலாளர்கள் மேல போலீஸ் சுட்டதுல 5 பேர் செத்துப்போனாங்க. அந்தக் காலத்துல தொழிலாளர் நிர்வாகம்னா ஸ்ட்ரைக், கேட் மீட்டிங், யூனியனோட பேச்சுவார்த்தை.

அடுத்து சட்டம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 49-வது பிரிவு, 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற தொழிற்சாலையில நல அலுவலர் கட்டாயம்னு சொல்லுச்சு. அவர் ஆணா இருக்கணும்னு எங்கயும் சொல்லலை. ஆனா அதே சட்டத்தோட 66-வது பிரிவு, பொதுவா காலை 6 மணியில இருந்து இரவு 7 மணி வரைக்கும்தான் பெண்கள் தொழிற்சாலையில வேலை செய்யலாம்னு சொல்லுச்சு. நைட் ஷிஃப்ட்ல நிக்கிறவங்க எல்லாம் ஆண்கள்னா, அவங்களோட பேசற ஆபீசரும் ஆணாத்தான் இருக்கணும்னு நினைப்பு வர்றது சுலபம். அந்த நேரக் கட்டுப்பாட்டை 2000-ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்ல. 1913-ல இங்கிலாந்துல, யார்க் நகரத்து ரௌன்ட்ரீ சாக்லேட் கம்பெனியில ஒரு கூட்டம் நடந்துச்சு. அங்க தொடங்கின நலப் பணியாளர் சங்கத்துல பெரும்பாலும் பெண்கள். பிறகு சம்பளம், யூனியன் விஷயமெல்லாம் இந்த வேலைக்குள்ள வர வர, ஆண்களும் நிறைய வந்தாங்க. 1931-ல சங்கத்தோட பேரும் 'லேபர் மேனேஜ்மென்ட்'னு மாறிடுச்சு. இந்தத் துறை அங்க பெண்கள் கையிலதான் தொடங்குச்சு!

எங்க பாஷையில சொன்னா, ஃபங்ஷன் அதேதான், பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. 'நலன்'னு சொன்னா பெண், 'பேரம்'னு சொன்னா ஆண். ஆனா ஒரே ஆள் ரெண்டையும் செய்யணும், அதுதான் இந்த வேலையே.

சரி, இதனால என்ன நஷ்டம்? ஹெச்.ஆர். டீமுக்குள்ளயே இந்தக் கோடு விழுது. இன்டர்வியூ ஷெட்யூல் பண்றது, பர்த்டே கேக், பொங்கலுக்குக் கோலப்போட்டி எல்லாம் பொண்ணுங்க பக்கம். சம்பள அமைப்பு, கான்ட்ராக்ட் லேபர், லேபர் கோர்ட் எல்லாம் பசங்க பக்கம். பத்து வருஷம் கழிச்சு ஹெச்.ஆர். ஹெட் போஸ்டுக்கு ஆள் தேடும்போது, "யூனியனோட உட்கார்ந்து பேசியிருக்கீங்களா?"ன்னு கேட்பாங்க. கேக் வெட்டினது அங்க எக்ஸ்பீரியன்ஸ் ஆகாது. இன்னொரு பக்கம், மனுஷங்களோட பேசறதுல கெட்டிக்காரனான பையன், கிண்டலுக்குப் பயந்து இந்தப் பக்கமே வர மாட்டான்.

அதனால ஹெச்.ஆர். வேலைக்குப் போறவங்க, பொண்ணோ பையனோ, ஆஃபரை ஒத்துக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பேரோல், தொழிலாளர் சட்டம் எல்லாம் கத்துக்க வாய்ப்பு இருக்கா? ஃபேக்டரி சைட்டுக்கு அனுப்புவீங்களா? ரெண்டு வருஷத்துல வேற பிரிவுக்கு மாத்துவீங்களா?

மூணுக்கும் மழுப்பலா பதில் வந்தா, அந்த வேலை உங்களை எங்க உட்கார வைக்கப்போகுதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.