பழைய சுவரில் புதிய ஒயர்

காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902-இல் தொடங்கிய மின் உற்பத்தி, 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கேற்றியது. ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற கண்டோன்மென்ட் பகுதிகளின் பழைய வீடுகளில் சில விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் போதுமான ஒயரே அன்று போடப்பட்டது. இன்று அதே வீட்டில் ஏசி, கீசர், இன்வெர்ட்டர், இணையக் கேபிள் எல்லாம் வேண்டும். உளியை எடுக்குமுன் பென்சிலை எடுப்பதே நல்லது.

முதலில் ஒவ்வொரு அறைக்கும் படம் வரைந்து, எங்கே எந்தக் கருவி என்று குறியுங்கள். பிறகு ஒயரின் பாதை. மெட்ராஸ் டெரஸ் தளத்தில் மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கியிருப்பதால் ஒயரை மறைக்க இடைவெளி கிடையாது. சுவர்தான் வழி.

சுவரில் காடி வெட்டும்போது மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கும், குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்கும் தாண்டக் கூடாது என்பது பொறியாளர்களின் பொது விதி. 9 அங்குலச் சுவரில் இது முறையே 3 அங்குலம், 1½ அங்குலம். 4½ அங்குலத் தடுப்புச் சுவரில் குறுக்கே முக்கால் அங்குலமே வெட்டலாம். பைப்புக்கே அது சரியாகிவிடும். ஆகவே அங்கே குறுக்கு வெட்டு வேண்டாம். சுவிட்சுக்கு நேர் மேலாகவே ஏற்றுங்கள். சாய்வாக ஒருபோதும் வேண்டாம். பின்னாளில் ஆணி அடிப்பவர், ஒயர் நேராகத்தான் போகும் என்று நம்பியே அடிப்பார்.

வழக்கமாக விளக்குக்கு 1.5, பவர் பிளக்கிற்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். பழைய ஒயரிங்கில் எர்த் இல்லாமலிருக்கலாம். சோதித்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். இணையக் கேபிளுக்குத் தனிப் பைப் வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் காடியைச் சுண்ணாம்புக் கலவையாலேயே மூடுவது நல்லது. சிமெண்ட் ஈரத்தை உள்ளே தேக்கும், பூச்சு உதிரும்.

வாடகை வீடானால் உடைக்க வேண்டாம். உரிமையாளரைக் கேட்டு, சுவரோரமாகக் கேசிங் கேப்பிங் போட்டுக்கொள்ளலாம்.

எலெக்ட்ரீசியன் கன்னடமோ இந்தியோ பேசுபவராக இருக்கலாம். சாக்கட்டியால் சுவரில் கோடு போட்டுக் காட்டினால் மொழி தடையாகாது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே வேலை தொடங்கட்டும். காடியை மூடுமுன், அளவு நாடாவைச் சுவரில் பிடித்துப் புகைப்படம் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அடுத்து அந்தச் சுவரில் துளை போடுபவரின் உயிரைக் காப்பது அந்தப் படமே.