வாங்குபவர் கேட்டால் பொருள் திருந்தும்

குழாய்க்கிணற்றின் கைப்பம்பி பழுதானால் அந்தப் பாரம் யார் தலையில் விழும் என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று கால்களில் நின்று, நீண்ட இரும்புப் பிடியால் இயங்கும் அந்தப் பம்பியின் பெயர் 'இந்தியா மார்க் 2'. எமது பகுதிகளில் பல ஊர்கள் அதன் தண்ணீரைக் குடித்திருக்கின்றன. அது உருவான வரலாற்றில், பொதுப்பணத்தைக் கொண்டு பொருள் வாங்கும் எவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1966-67இல் இந்தியாவின் பல பகுதிகளைக் கடும் வறட்சி வாட்டியது. யுனிசெப் நிறுவனத்தின் உதவியுடன் துளையிடும் இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டுக் கரும்பாறை நிலங்களிலும் ஆழமான கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் மேல் வார்ப்பிரும்புக் கைப்பம்பிகள் பொருத்தப்பட்டன. இந்தப் பம்பிகள் மேலைநாடுகளில் ஒரு பண்ணைவீட்டின் தேவைக்காகச் செய்யப்பட்டவற்றைப் பார்த்து வார்க்கப்பட்டவை. ஒரு குடும்பம் நாளில் சில தடவை அடிக்கும் பம்பியை, இங்கே ஊர் முழுவதும் விடியற்காலை முதல் இருட்டும்வரை அடித்தது. பிடி முறிந்தது, அச்சாணி தேய்ந்தது. 1970களின் நடுப்பகுதியில் கணக்கெடுத்தபோது, பொருத்தியவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு இயங்காமல் கிடந்தது.

பணம் செலவாகியிருந்தது, கிணறும் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. குறைந்த விலைக்கே கேள்விப்பத்திரம் கிடைக்குமென்றால், வார்ப்புச் சாலைக்காரர் இரும்பைக் குறைப்பாரே தவிர பம்பியைத் திருத்த மாட்டார். ஊரில் அது எத்தனை மாதம் உழைத்தது என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை.

மாற்று வழி பெரிய ஆய்வுகூடங்களிலிருந்து வரவில்லை. மகாராஷ்டிர மாநிலத்தின் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் கிறிஸ்தவ மிஷன்களோடு சேர்ந்து கிணறு தோண்டியவர்கள், உடைந்த பம்பிகளைத் திருத்தித் திருத்தி உருக்கினால் ஆன உறுதியான பம்பியொன்றைத் தாங்களே செய்துகொண்டார்கள். அந்த அனுபவத்தை அடிப்படையாக வைத்து யுனிசெப்பும், சென்னையிலிருந்த அரச நிறுவனமான றிச்சட்சன் அன்ட் குருடாசும், இயந்திரவியல் ஆராய்ச்சி நிலையமொன்றும் சேர்ந்து புதிய பம்பியை வடிவமைத்தன. கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆழமான கிணறுகளில் அதைப் பொருத்தி, மக்கள் கையில் கொடுத்துச் சோதித்தார்கள். 1970களின் பிற்பகுதியில் உற்பத்தி தொடங்கியது.

நல்ல வடிவம் கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது வாங்கிய முறையே. முதலாவதாக, பம்பி செய்ய வேண்டிய வேலை தெளிவாக வரையறுக்கப்பட்டது: 50 மீற்றர் வரை ஆழத்திலிருந்து, ஒரு ஊருக்கே, நாள் முழுவதும் நீர் இறைக்க வேண்டும். இரண்டாவதாக, வடிவத்தை எவரும் தனியுடைமை ஆக்கவில்லை. 1979இல் அது இந்தியத் தரநிர்ணயமாக வெளியாயிற்று. தகுதியுள்ள எந்தப் பட்டறையும் செய்யலாம். மூன்றாவதாக, பட்டறையிலிருந்து வெளியேறுமுன் வெளியார் பரிசோதித்தார்கள்; தவறிய பம்பியை வாங்கவில்லை. நான்காவதாக, கொள்வனவு தொடர்ந்து நடந்தது. அடுத்த ஆண்டும் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில்தான் சிறிய பட்டறைக்காரரும் நல்ல கருவிகளில் பணம் போடத் துணிந்தார்.

இதனால் வாங்குபவரே ஒருவகையில் புதுமையின் தாயானார். 1990களின் நடுப்பகுதிக்குள் உலகெங்கும் ஏறத்தாழ 50 இலட்சம் பம்பிகள் செய்யப்பட்டுவிட்டதாகக் கணக்கிடப்படுகிறது.

ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. நாகம் பூசிய இரும்புக் குழாய்கள் அமிலத்தன்மை கொண்ட நிலத்தடி நீரில் துருப்பிடித்தன. தண்ணீர் சிவந்தது, சுவை கெட்டது. மக்கள் பழைய பாதுகாப்பற்ற கிணற்றுக்கே திரும்பிய இடங்களும் உண்டு. முசலத்தைத் திருத்துவதற்குக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. அது ஊரவர் கையால் ஆகிற காரியமல்ல. பின்னர் வந்த 'மார்க் 3' பம்பியில் குழாயைக் கழற்றாமலே முசலத்தை வெளியே எடுக்கலாம். துருப்பிடிக்காத உருக்குக் குழாய்களும் வந்தன. எனினும் பழைய அளவுத்திட்டத்தையே வரிக்கு வரி பிரதிபண்ணி, மலிவாகத் தருபவரிடம் வாங்கிய இடங்களில் இந்தத் திருத்தங்கள் போய்ச்சேரவில்லை. கேள்விப்பத்திரம் புதுமைக்கு வாசலைத் திறக்கும். கவனமில்லாவிட்டால் அதே வாசலைப் பூட்டியும் விடும்.

இது அரசாங்கங்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று நினைக்க வேண்டாம். மீள்குடியேறிய ஊர்களிலும், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள் மத்தியிலும், நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி, விதைநெல், வேலிக்கம்பி என்று உங்கள் பெயரால் எத்தனையோ பொருட்கள் வாங்கப்படுகின்றன. பட்டியலில் கையொப்பம் வைப்பவர்கள் நீங்கள். பொருளைத் தெரிவுசெய்தவர் எவரோ.

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கத்திலும், கமக்காரர் அமைப்பிலும், மாதர் சங்கத்திலும் வாங்குவதற்கு முன்பே சிலவற்றைக் கேளுங்கள். இந்தப் பொருள் எங்கள் மண்ணில், எங்கள் தண்ணீரில் என்ன வேலை செய்ய வேண்டும்? பழுதானால் உதிரிப்பாகம் எந்தச் சந்தியில் கிடைக்கும்? திருத்த எங்களில் யாருக்குப் பழக்குவீர்கள்? மொத்தமாக வாங்குமுன் ஒன்றிரண்டை ஒரு போகம் எங்களிடம் தந்து பார்ப்பீர்களா? எங்கள் ஊர்க் கொல்லரோ பட்டறைக்காரரோ இதனைச் செய்ய முடியுமா? விடைகளைக் கூட்டக் குறிப்பில் எழுதி, உதவி வழங்கும் நிறுவனத்திற்கு ஒரு பிரதி கொடுங்கள்.

ஜால்னாவில் பம்பியைத் திருத்தியவர்கள் கிணற்றடியில் நின்று வேலை செய்தவர்கள். பெரிய நிறுவனங்கள் அவர்களது அனுபவத்தைக் கேட்டதனால் பொருள் திருந்தியது. உங்கள் அனுபவமும் அத்தகையதே. அது கேட்கப்படும்வரை காத்திராமல், நீங்களே முன்சென்று சொல்லுங்கள்.