மடியும் இறக்கை, சிறுக்கும் இடம்

அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை வான்தளம் 1992 மார்ச் 11 அன்று முறைப்படி இயங்கத் தொடங்கியது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அதே ஆண்டில் கொச்சியிலிருந்து இங்கு வந்தது. பள்ளியின் நெடுநாளைய பயிற்சி ஊர்தி சேத்தக்.

சேத்தக்கின் மூன்று சுழல் தகடுகளும் விரிந்திருக்கையில் 11 மீட்டர் அகல வட்டம் வேண்டும். தகடுகளைக் கையால் மடித்து வால்பக்கம் சேர்த்துத் தாங்கியில் பூட்டினால் ஊர்தியின் அகலம் ஏறக்குறைய 2.6 மீட்டராகக் குறையும். சிறிய போர்க்கப்பலின் ஹேங்கருக்குள் அது அடங்குவது இதனால்தான். பலத்த காற்றில் இவ்வேலை ஆபத்தானது; பிடி தளர்ந்த தகடு உடற்பகுதியையே நொறுக்கிவிடும்.

பிறகு மூக்குச் சக்கரத்தில் இழுவைத் தண்டை மாட்டி, நடை வேகத்தில் நகர்த்துவார்கள். விமானி அறையில் ஒருவர் பிரேக்கைக் கவனிப்பார். வாலருகே ஒருவர் இடைவெளி பார்த்து வருவார். ஹேங்கர் விபத்துகளில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் ஓரங்கள்தான். உரிய இடம் சேர்ந்ததும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, குழாய் வாய்களை மூடி, கப்பலானால் தளத்தோடு சங்கிலியால் பிணைப்பார்கள்.

விமானத்தில் மடிவது இறக்கை. 1961இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் அலிஸே விமானம் 15.6 மீட்டர் இறக்கையை ஹைட்ராலிக் விசையால் மேல்நோக்கி மடித்து, 7 மீட்டர் அளவுக்கு ஒடுங்கியது. அக்கப்பலின் சீ ஹாக் விமானம் 11.9 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு வந்தது. மடிப்பு மூட்டுகள் எடையையும் பராமரிப்பையும் கூட்டும். ஆகவே, 2013 முதல் ராஜாளியில் உள்ள பி-8ஐ விமானத்தின் 37 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கை மடிவதில்லை. தரைத்தளத்தில் அதற்குத் தேவையும் இல்லை.