கயிறு காட்டிய வழி, காலணி காட்டும் வழி

1999 டிசம்பர் 3. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், வூஸ்டர் நகரம். கைவிடப்பட்ட ஆறு மாடிக் குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே வீடற்றவர்கள் இருக்கலாம் என்று தேடப்போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் புகையில் வழிதவறினார்கள். காற்று தீர்கிறது என்று வாக்கி டாக்கியில் அழைத்தார்கள். ஏறக்குறைய ஜன்னலே இல்லாத அந்தக் கட்டடத்தில் அவர்கள் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடி ஏறியவர்களில் நால்வர் திரும்பவில்லை. இனி ஒருவரும் மேலே போகக் கூடாது என்று அதிகாரி மைக் மெக்னமி படிக்கட்டில் மறித்து நின்றார். மொத்தம் ஆறு உயிர்கள் போயின.

அன்று புகைக்குள் போனவருக்குக் கைதான் கண். தண்ணீர்க் குழாயைத் தடவிக்கொண்டே திரும்ப வேண்டும். குழாய் இணைப்பின் வடிவத்தைத் தொட்டுப் பார்த்து, வாசல் எந்தப் பக்கம் என்று அறிய வேண்டும். குழாய் இல்லாவிட்டால் கயிறு, அதுவும் இல்லாவிட்டால் சுவர். உள்ளே போனவர் யார் என்பதை வாசலில் மாட்டிய பெயர்த்தகடு சொல்லும். அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் உடையிலுள்ள அலாரம் அலறும். ஆனால் எந்த மாடி, எந்த அறை என்பதை இவை எதுவும் வெளியே சொல்லாது.

இன்று அதைச் சொல்லக்கூடிய சென்சார் காலணிக்குள் அடங்கிவிட்டது. ஜிபிஎஸ் சிக்னல் கான்கிரீட்டைத் தாண்டி வராது. ஆகவே முடுக்கத்தையும் திரும்பலையும் அளந்து, கால் போன பாதையை இந்தச் சென்சார் தானே கணக்கிடுகிறது. அளவில் சிறு பிழை இருந்தாலும் அது நொடிக்கு நொடி பெருகும்; அப்படியே விட்டால் ஒரே நிமிடத்தில் கணக்கு அறையைவிட்டே ஓடிவிடும். அதைக் கட்டிப்போடுவது நம் நடைதான். ஒவ்வொரு அடியிலும் பாதம் ஒரு கணம் தரையில் அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம் என்று வைத்து, அதுவரை சேர்ந்த பிழையைத் திருத்துகிறார்கள். எரிக் ஃபாக்ஸ்லின் 2005-இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது. ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ‘ஓப்பன்ஷூ’ என்ற பெயரில் இதன் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவைத்தன. சீராக நடந்தால், நடந்த தூரத்தில் சுமார் 1 சதவீத அளவுக்குப் பிழையை அடக்க முடிகிறது. மாடி ஏறியதைக் காற்றழுத்தமானி சொல்லும்.

ஆனால் தீக்குள் யாரும் சீராக நடப்பதில்லை. தவழ்கிறார்கள், முழங்காலில் நகர்கிறார்கள். அப்போது பாதம் நிற்கும் அந்தக் கணம் சரியாகக் கிடைப்பதில்லை. கால் நின்றாலும் திசைப்பிழை திருந்தாது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே காந்தத் திசைகாட்டி ஏமாற்றும். வெப்பம் காற்றழுத்தக் கணக்கைக் குழப்பும். கணக்கிட்ட இடம் ரேடியோ வழியே வெளியே வந்து சேரவும் வேண்டும்.

ஆகவே கயிற்றையும் குழாயையும் கைவிடும் காலம் இன்னும் வரவில்லை. ஆனால் காணாமல்போன ஒருவரைத் தேட இருட்டுக்குள் இன்னும் நால்வரை அனுப்புவதைத் துணிச்சல் என்று போற்றுவதோடு நின்றுவிடக் கூடாது. சோதனைக்கூடத்தின் வழவழப்பான தரையில் தேறிய கருவியைப் புகையிலும் தவழலிலும் தேறும்வரை சோதிக்க வேண்டும். தேறியதும் எல்லாத் தீயணைப்பு நிலையங்களுக்கும் வாங்கித் தர வேண்டும். நம்மைக் காக்க உள்ளே போகிறவர் எங்கே இருக்கிறார் என்று அறிந்திருப்பது, அவரை அனுப்புகிற சமூகத்தின் கடமை.