வீட்டிலிருந்தே நூலகப் பணி

நூலக வேலை என்றவுடன் அயோத்தியாப்பட்டணத்து மாணவர் ஒருவர் அலமாரியையும், மேசையருகே அமர்ந்திருக்கும் நூலகரையுமே நினைப்பார். புத்தகம் உள்ள இடத்திலேதானே ஊழியரும் இருத்தல் வேண்டும்?

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் என்னும் மின்னூலகம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். அதற்குக் கட்டடமில்லை, உழைப்போர்க்கு ஊதியமுமில்லை. பல நாடுகளில் வாழும் தமிழர் தத்தம் இல்லத்திலிருந்தே பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதினர். ஒருவர் எழுதியதை வேற்றூரிலுள்ள மற்றொருவர் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் போலக் காணாமலே கேண்மை கொண்டவர் இவர்கள்.

திருத்தும் பணியே கடினமானது. ‘பனி’ என்பது ‘பணி’ என்றாகிவிட்டால் பொருள் கெடுவதோடு தீர்ந்துவிடுவதில்லை. பனியைத் தேடுவோர்க்கு அவ்வரி அகப்படவே மாட்டாது. அச்சுப் புத்தகத்தில் மனிதர் கண் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், கணினி பொறுக்காது. னகர ணகர மயக்கத்திற்காக நான் மதிப்பெண் குறைத்தபோது என்னைக் கடுமையானவன் என்றோர் உண்டு!

2020-இல் கொரோனாவால் நூலகங்கள் மூடப்பட்டபோது, பல நாட்டு நூலக ஊழியரும் வீட்டிலிருந்தே நூற்பட்டியைச் சீர்செய்தனர். வாசகர் வினாக்களுக்கு விடை எழுதினர். ஆயினும், பூச்சியரித்த நூலைக் கிழியாமல் பிரிப்பதற்கு அலமாரியருகே ஒருவர் நின்றேயாதல் வேண்டும். அவர் அதனைப் படம் பிடித்து அனுப்பாவிடில், தொலைவில் இருப்பவர்க்குத் தட்டெழுத ஒரு வரியும் இல்லை.